பரோக் ஆர்கெஸ்ட்ரா இசை: கீழிருந்து கேட்கத் தொடங்குங்கள்

மேற்கத்திய செவ்வியல் இசை கேட்க ஆசை என்று வாய் திறந்தால் போதும், உடனே யாராவது ஒரு பீத்தோவன் சிம்பொனியின் இணைப்பை அனுப்பிவிடுவார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. எழுபது எண்பது பேர் ஒன்றாக வாசிக்கும்போது எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்றே தெரியாமல் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். திரும்பி வந்தது பரோக் வழியாக. பெரும்பாலும் பதினைந்து இருபது பேர் வாசிக்கிற இசை, யார் என்ன செய்கிறார் என்பது தனித்தனியாகக் காதில் விழும், ஒவ்வொரு பகுதியும் ஒரு சினிமாப் பாட்டு நீளத்தில் முடிந்துவிடும். புதிதாக வருகிறவருக்கு இதைவிடச் சுலபமான வாசல் கிடையாது என்பது என் கட்சி.

காலக் கணக்கு ரொம்ப எளிது: ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை. தொடக்கத்தில் இத்தாலியின் மான்டுவா அரண்மனையில் 1607-இல் அரங்கேறிய மான்டவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ என்ற இசை நாடகம், முடிவில் 1750-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் மறைவு. கோணலான முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது ‘பரோக்’ என்பார்கள். அதுவும் பின்னால் வந்தவர்கள் வசவாக வைத்த பெயர். அந்த இசைக்காரர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. கையில் குச்சியோடு முன்னால் நிற்கும் நடத்துநரையும் இங்கே பெரும்பாலும் காண மாட்டீர்கள். முதல் வயலின்காரரோ ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியத்தில் உட்கார்ந்திருப்பவரோ வாசித்துக்கொண்டே தலையசைப்பில் குழுவை நடத்திவிடுவார்.

படி 1: செல்போன் ஸ்பீக்கரை ஒதுக்குங்கள், பேஸைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் காது இயல்பாக மேலே ஓடும் மெட்டைத்தான் துரத்தும். பரோக் இசையிலோ மொத்தக் கட்டடமும் நிற்பது மிகத் தாழ்ந்த சுரங்களில் இடைவிடாமல் ஓடும் பேஸ் வரியின் மேல். அதற்கு ‘பாஸோ கன்டினுவோ’ என்று பெயர், தொடர்ந்து ஓடும் பேஸ் என்று பொருள். பெரிய வயலின் போன்ற செல்லோ, அதைவிடப் பெரிய டபுள் பேஸ், சில சமயம் பசூன் என்ற ஊதுகுழல் அந்த வரியை வாசிக்கும். கூடவே ஹார்ப்சிகார்ட், ஆர்கன், அல்லது ஆள் உயரத்துக்குக் கழுத்து நீண்ட தியோர்போ என்ற லூட் வகை வாத்தியம், இவற்றில் ஒன்றோ இரண்டோ அதன்மேல் சுர அடுக்குகளை நிரப்பும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நிரப்பல் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. தாளில் பேஸ் சுரங்களும் அவற்றின் பக்கத்தில் 6, 7, 4 என்று சில எண்களும் மட்டும் இருக்கும். எந்தச் சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. எப்படி நிரப்புவது, எவ்வளவு நிரப்புவது என்பதெல்லாம் வாசிப்பவரின் கைவண்ணம். அதனால்தான் ஒரே படைப்பின் இரண்டு பதிவுகள் அடித்தளத்திலேயே வேறு வேறாக இருக்கின்றன.

செல்போனில் உள்ள குட்டி ஸ்பீக்கர் இந்த வரியை முழுசாக விழுங்கிவிடும். சாதாரண ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை. அப்புறம் பாக்கின் மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட்டில் (சூட் என்பது நடனத் துண்டுகளின் வரிசை) ‘ஏர்’ என்ற பகுதியைத் தேடிப் போடுங்கள். கல்யாண வரவேற்புகளிலும் விளம்பரங்களிலும் எங்கேயோ கேட்ட ஞாபகம் வரும். ‘ஜி கம்பியில் ஏர்’ என்று ஒரு பெயரும் உலவுகிறது. அது 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்மி என்ற வயலின்காரர் தனி வயலினுக்காக மாற்றியமைத்த வடிவத்தின் பெயர். நீங்கள் மூல வடிவத்தையே கேளுங்கள். மேலே வயலின் நீண்ட சுரமாக இழுத்துக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்சம் மறந்துவிட்டுக் கீழே கவனியுங்கள். பேஸ் ஒரு சுரத்தைத் தொட்டு, அதே சுரத்தின் வேறு ஸ்தாயிக்குத் தாவி, ஒரு படி இறங்கி, மறுபடி தாவி என்று நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். ஒருமுறை அந்த நடை காதில் பிடிபட்டுவிட்டால், மேலே வயலின் ஏன் அங்கே ஏங்குகிறது, ஏன் இங்கே ஆறுதலடைகிறது என்பது தானாகப் புரியும். பிடிபடவில்லையா, இன்னொரு முறை கேளுங்கள். எனக்கு நாலு முறை ஆயிற்று.

படி 2: மூன்று பேர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம்

அடுத்து ரோமில் வாழ்ந்த இசையமைப்பாளர் கொரெல்லி. அவருடைய ஓபஸ் 6 (ஓபஸ் என்பது வெளியீட்டு எண்) என்ற பன்னிரண்டு கான்செர்டோக்களின் தொகுப்பு ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வந்தது 1714-இல். மனிதர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். இவற்றின் வடிவம் ‘கான்செர்டோ க்ரோஸோ’. இரண்டு வயலின், ஒரு செல்லோ சேர்ந்த சிறு குழு ஒன்று, மீதிப் பேர் எல்லாரும் சேர்ந்த பெருங்குழு ஒன்று. சிறு குழு ஒரு வாக்கியம் சொல்லும், பெருங்குழு வந்து அதை ஆமோதிக்கும் அல்லது குறுக்கே புகும்.

இப்படி ஒரு வடிவம் எதற்கு? ஹார்ப்சிகார்டில் பியானோ மாதிரி சுத்தியல் கிடையாது, இறகு முனை ஒன்று கம்பியைச் சுண்டும். விசையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். வயலின்காரர்கள் வில்லழுத்தத்தால் ஏற்றி இறக்கலாம், அது வேறு விஷயம். ஆனால் பெரிய அளவிலான ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் சுலபமான வழி, வாசிக்கும் ஆட்களின் எண்ணிக்கையையே கூட்டிக் குறைப்பது. கொரெல்லியின் இசையில் அந்த மாற்றம் விளக்கைப் போட்டு அணைப்பதுபோலத் தெளிவாகக் கேட்கும்.

எட்டாவது கான்செர்டோவில் தொடங்குங்கள், கிறிஸ்துமஸ் இரவுக்காக எழுதியது. வேகமான இடங்களில் ‘இப்போது மூன்று பேர், இப்போது எல்லாரும்’ என்று விரலால் எண்ணிக்கொண்டே கேட்கலாம், சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தாலும் வேலைசெய்யும். கடைசியில் ‘பாஸ்டோரேல்’ என்று ஒரு பகுதி வரும். மேய்ப்பர்கள் ஊதும் பைக்குழலைப் போலச் செய்வதற்காக அங்கே பேஸ் நடையை நிறுத்திவிட்டுச் சுருதிப் பெட்டி மாதிரி ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் படியில் பேஸைக் கேட்கப் பழகியிருந்தால் இந்த மாற்றம் சட்டென்று உறைக்கும்.

படி 3: விவால்டி, பல்லவி போலத் திரும்பி வரும் வரி

விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’, பருவத்துக்கு ஒன்றாக நான்கு வயலின் கான்செர்டோக்கள், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தாண்டிவிடாதீர்கள். லிப்டிலும், வாடிக்கையாளர் சேவை எண்ணில் காத்திருக்கும்போதும் கேட்டுக் கேட்டு நாம்தான் அதைத் தேய்த்துவிட்டோம்.

விவால்டி வெனிஸ்காரர், செம்பட்டை முடி கொண்ட பாதிரியார், அதனால் ‘சிவப்புப் பாதிரி’ என்றே பட்டப்பெயர். 1703-இல் பியெட்டா என்ற ஆதரவற்ற பெண்குழந்தைகளுக்கான இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே வளர்ந்த பெண்களின் ஆர்கெஸ்ட்ரா ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியது. கம்பித் தடுப்புக்குப் பின்னால் மாடத்தில் நின்றுதான் வாசிப்பார்கள், கேட்க வருகிறவர்களுக்கு முகம் சரியாகத் தெரியாது. ஏறத்தாழ 500 கான்செர்டோக்கள் எழுதியிருக்கிறார். அவ்வளவு எழுத முடிந்ததற்கு ஒரு காரணம் ‘ரிட்டர்னெல்லோ’ என்ற அச்சு. குழு முழுவதும் ஒரு வரியை வாசிக்கும், தனி வயலின் எங்காவது போய்வரும், மறுபடி அந்த வரி. பல்லவிக்குத் திரும்புவதுபோலத்தான், ஆனால் நடுவில் திரும்பும்போதெல்லாம் பாதி வரியோ கால் வரியோ வேறு சுருதிக்குப் பெயர்ந்து வரலாம். கடைசியில் சொந்தச் சுருதிக்கே வந்து சேரும்போது வீட்டுக்கு வந்த நிம்மதி.

‘வசந்தம்’ முதல் பகுதியைப் போடுங்கள். தொடக்க வரியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அது நின்றதும் மூன்று வயலின்கள் பறவைகளாகக் கூவும். வரி திரும்பும். ஓடை சலசலக்கும். வரி. இடி மின்னல், வரி, மழை ஓய்ந்து மறுபடி பறவைகள். நானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. 1725-இல் அச்சானபோதே பருவத்துக்கு ஒரு கவிதை சேர்த்து, எந்த இடம் எதைக் குறிக்கிறது என்று இசைத்தாளிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் பகுதிதான் எனக்கு உயிர். ஆட்டிடையன் புல்வெளியில் தூங்குகிறான், அது தனி வயலின். இலைகளின் சலசலப்பு மற்ற வயலின்கள். வயலினைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரல் கொண்ட வியோலா மட்டும் கரடுமுரடாக ‘லொள் லொள்’ என்று இரண்டிரண்டாக வாசித்துக்கொண்டே இருக்கும், அது இடையனின் நாய்! இப்போது கீழே கவனியுங்கள். பேஸே இல்லை. செல்லோ, ஹார்ப்சிகார்ட் எல்லாம் இந்தப் பகுதி முழுவதும் வாய்மூடி இருக்கின்றன. இசை தரையில் கால் பாவாமல் மிதப்பதற்குக் காரணம் அதுதான்.

இது பிடித்தால் 1711-இல் வெளியான ஓபஸ் 3 தொகுப்புக்குப் போங்கள், குறிப்பாக நான்கு வயலின்களுக்கான பத்தாம் கான்செர்டோ. ஜெர்மனியில் இருந்த பாக் இந்தத் தொகுப்பின் பல கான்செர்டோக்களை உட்கார்ந்து மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறார். இந்தப் பத்தாவதை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு மாற்றினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அரை மணி நேரம்கூட ஆகாது.

இடையில் ஒரு கேள்வி: எந்தப் பதிவைக் கேட்பது?

விவால்டியைத் தேடும்போதே இந்தக் குழப்பம் வந்துவிடும், ஏனென்றால் நூற்றுக்கணக்கில் பதிவுகள் கிடக்கின்றன. பொதுவாக இரண்டு கட்சிகள். ஒன்று, இன்றைய வாத்தியங்களில் வாசிப்பது. இ மூசிசி என்ற இத்தாலியக் குழு 1950களில் செய்த ‘நான்கு பருவங்கள்’ பதிவுகள் இந்த வகை, பளபளப்பும் இனிமையுமாக இருக்கும். இன்னொன்று, அந்தக் கால வாத்தியங்களையோ அவற்றின் நகல்களையோ வைத்து அந்தக் கால முறைப்படி வாசிப்பது. குடல்நரம்புக் கம்பி, லேசான வில், மரப் புல்லாங்குழல், வால்வு இல்லாத டிரம்பெட். சுருதியும் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸ், இன்றைய 440-ஐவிட நம் ஊர்ப் பாடகர்கள் சொல்வதுபோல் அரைக் கட்டை இறக்கம். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி மாறியது. 415 என்பது இன்றைய கலைஞர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட கணக்கு.

நான் இரண்டாம் கட்சி. ஒலி கொஞ்சம் கரடாக, மூச்சுவிடுவதுபோல இருக்கும், பேஸும் தெளிவாகக் கேட்கும். வியன்னாவில் நிக்கோலஸ் ஹார்னன்கோர்ட் 1953-இல் தொடங்கிய கான்சென்டுஸ் மூசிக்குஸ், லண்டனில் டிரெவர் பின்னாக்கின் இங்கிலீஷ் கான்சர்ட், ஃப்ரைபர்க் பரோக் ஆர்கெஸ்ட்ரா, மிலானின் இல் ஜியார்தினோ அர்மோனிகோ, ஜோர்டி சவால் நடத்திய லு கான்செர் தெ நாசியோன், இந்தப் பெயர்கள் கண்ணில் பட்டால் யோசிக்காமல் போடலாம். இல் ஜியார்தினோவின் விவால்டியை இரவு நேரத்தில் சத்தமாக வைக்க வேண்டாம், ‘குளிர்காலம்’ பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பிவிடும். பாக் என்றால் நெதர்லாந்து பாக் சொசைட்டி ஒவ்வொரு படைப்பாக வாசித்துக் காணொளியாக இலவசமாகவே போட்டுவருகிறது. யார் எப்போது நுழைகிறார் என்று கண்ணால் பார்க்க முடிவது புதியவருக்குப் பெரிய உதவி.

படி 4: கால் தட்டுங்கள்

பிரான்ஸில் கதை வேறு. பதினான்காம் லூயிக்கு நடனம் என்றால் பைத்தியம், தானே மேடையேறி ஆடியவர். அவருடைய அரண்மனையின் ‘அரசரின் 24 வயலின்கள்’ குழுதான் ஐரோப்பாவுக்கே முன்மாதிரி, அரண்மனை இசையை ஆட்டிவைத்தவர் ஃபுளோரன்ஸில் பிறந்த லுல்லி. (பெரிய தடியால் தரையைத் தட்டித் தாளம் காட்டும்போது தன் காலிலேயே குத்திக்கொண்டு, புண் அழுகி, 1687-இல் இறந்தவரும் இவர்தான்.) அவர் நிலைநிறுத்திய பிரெஞ்சு ஓவர்ச்சர் எளிதில் பிடிபடும்: முதலில் ராஜநடையாக, வெட்டி வெட்டி வரும் மெதுவான பகுதி, பிறகு ஒருவர் பின் ஒருவராகக் குரல்கள் துரத்திக்கொண்டு நுழையும் வேகப் பகுதி. அதைத் தொடர்ந்து வரிசையாக நடனங்கள் வந்தால் அது ஒரு சூட்.

நடனங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், மூன்றை மட்டும் காலால் கற்றுக்கொள்ளுங்கள். மினுவெட், மூன்று மூன்றாக எண்ணலாம். சரபாந்த், அதுவும் மூன்றுதான், ஆனால் மெதுவாக, பெரும்பாலும் இரண்டாவது எண்ணிக்கையில் அழுத்தம் விழும். ஜீக், துள்ளி ஓடும், சூட்டின் கடைசியில் வருவது வழக்கம். பாக்கின் நான்கு சூட்களில் இரண்டாவது புல்லாங்குழலுக்கானது. அதன் கடைசித் துண்டான ‘பாடினெரி’ பழைய பட்டன் செல்போன்களில் ரிங்டோனாக ஒலித்த மெட்டு.

அப்புறம் ஹாண்டல். பாக் பிறந்த அதே 1685-இல் ஹாலே நகரில் பிறந்தவர். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து தமிழ் அச்சுக்கூடம் அமைத்த சீகன்பால்க் படித்ததும் அந்த ஹாலேயில்தான், சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன். லண்டனில் குடியேறிய ஹாண்டல், 1717 ஜூலை 17 அன்று தேம்ஸ் நதியில் படகில் போன முதலாம் ஜார்ஜ் மன்னருக்காக, பக்கத்துப் படகில் ஐம்பது பேரை ஏற்றி வாசித்ததுதான் ‘நீர் இசை’. மன்னருக்குப் பிடித்துப்போய் மொத்தம் மூன்று முறை வாசிக்கவைத்தார். திறந்தவெளி இசை என்பதால் ஹார்ன், டிரம்பெட் எல்லாம் தாராளம். 1749-இல் கிரீன் பார்க்கில் வாணவேடிக்கைக்கு எழுதிய இசையோ இன்னும் தடபுடல். இரண்டாம் ஜார்ஜ் மன்னர் வயலினே வேண்டாம், ஊதுகிற வாத்தியமும் முரசும் போதும் என்று சொன்னாராம். வாணவேடிக்கை சொதப்பி மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பிடித்துவிட்டது. இசை பிழைத்துக்கொண்டது.

படி 5: பிராண்டன்பர்க், இங்கே ஒரு வாரம் தங்குங்கள்

பாக் 1721 மார்ச் 24 தேதியிட்ட பிரெஞ்சு மொழி முன்னுரையோடு ஆறு கான்செர்டோக்களைப் பிராண்டன்பர்க் பிரபு ஒருவருக்கு அனுப்பினார். அச்சில் வர 1850 ஆயிற்று, பாக் இறந்து நூறு ஆண்டு! ஆறுக்கும் வாத்தியச் சேர்க்கை வேறு வேறு. ஒரு நாளைக்கு ஒன்று போதும், வரிசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

மூன்றாவதில் தொடங்குவது என் பழக்கம். மூன்று வயலின், மூன்று வியோலா, மூன்று செல்லோ, கூடவே கன்டினுவோ. தனி வித்வான் என்று யாரும் இல்லை, எல்லாரும் வித்வான்கள். ஒரு சிறு சொற்கட்டு ஒன்பது பேரிடமும் கைமாறிக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி என்று பார்த்தால் வெறும் இரண்டு சுர அடுக்குகள் மட்டும் எழுதியிருக்கிறார். சில குழுக்கள் அங்கே ஏதாவது கற்பனையாக வாசிக்கும், சில அப்படியே இரண்டைத் தொட்டுவிட்டுக் கடந்துபோகும்.

இரண்டாவதில் டிரம்பெட் தலைசுற்றும் உயரத்தில் பறக்கும். வால்வு இல்லாத குழாயில் உதட்டழுத்தத்தால் கிடைக்கும் சுரங்கள் கீழே தள்ளித் தள்ளி இருக்கும், மேலே போகப் போகத்தான் நெருங்கி வரும். மெட்டு வாசிக்க வேண்டுமானால் அங்கே ஏறித்தான் ஆக வேண்டும். இதன் முதல் பகுதி 1977-இல் வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் ஏறிப் போனது. நான்காவதில் இரண்டு ரெக்கார்டர் குழல்களும் ஒரு வயலினும். முதலாவதில் வேட்டைக் கொம்புகள் சில இடங்களில் மற்றவர்களைச் சட்டையே செய்யாமல் ஊதும். எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடாதது அது ஒன்றுதான்.

ஐந்தாவதுக்கு முன் முதல் படியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஹார்ப்சிகார்ட் என்றால் பின்னால் உட்கார்ந்து பேஸின்மேல் சுரம் நிரப்பும் ஆள், இல்லையா? இங்கே புல்லாங்குழலும் வயலினும் நாயகர்கள்போல நுழைய, அது வழக்கம்போலப் பின்னால்தான் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக அதன் விரல்கள் வேகமெடுக்கும். முதல் பகுதியின் முடிவு நெருங்கும்போது மற்றவர்கள் ஒவ்வொருவராக அடங்கிப்போக, ஹார்ப்சிகார்ட் மட்டும் தனியாக 65 தாளக்கட்டு விளாசித் தள்ளும். இப்போது நமக்கு இது சாதாரணம். பின்பாட்டுக்காரர் இப்படி மேடையைப் பிடித்துக்கொண்டதை அன்று முதன்முறை கேட்டவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆறாவதில் வயலினே கிடையாது. இரண்டு வியோலா, இரண்டு வியோலா ட காம்பா (காலிடுக்கில் வைத்து வாசிக்கும் பழைய வில் வாத்தியம்), செல்லோ, பேஸ், ஹார்ப்சிகார்ட். எல்லாமே தாழ்ந்த குரல்கள். தொடக்கத்திலேயே இரண்டு வியோலாக்கள் ஒரே மெட்டை அரைக்கால் மூச்சு இடைவெளியில் துரத்திக்கொண்டு ஓடும். கண்ணை மூடிக் கேட்டால் எதிரொலியோ என்று தோன்றும். மெட்டைத் துரத்தியே பழகியவர்களுக்கு இது மந்தமாகத் தெரியும். பேஸிலிருந்து கேட்கப் பழகியவருக்கு இது விருந்து.

பாக் என்றதும் நம்மில் பலருக்கு இளையராஜா ஞாபகம் வரும், சரிதான். 1986-இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார். ஐந்தாவதையும் ஆறாவதையும் கேட்ட கையோடு அதைப் போட்டு, அங்கேயும் பேஸ் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

படி 6: கொஞ்சம் கோணங்கித்தனம்

இதுவரை கேட்டதெல்லாம் ஒழுங்கு. கோணல் முத்து எங்கே என்று கேட்டால் பீபர் என்பவரின் ‘பட்டாலியா’வைப் போடுங்கள், 1673-இல் எழுதியது, பத்து நிமிடம்தான். குடித்த சிப்பாய்கள் ஆளுக்கொரு பாட்டை ஆளுக்கொரு சுருதியில் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், எல்லாம் வயலின் வகையறாவிலேயே. முரசுச் சத்தத்துக்குப் பெரிய பேஸ் வாத்தியத்தின் கம்பிக்கு இடையே காகிதம் செருகச் சொல்லியிருக்கிறார். டெலிமானின் ‘ஹாம்பர்க் நீர் இசை’யும் நல்ல வேடிக்கை, துறைமுகத்தின் ஏற்றவற்றம் அப்படியே இசையில் ஏறி இறங்கும்.

கடைசியாக, லுல்லியின் மாணவர் ரெபெல் தன் எழுபது வயதுக்கு மேல் எழுதிய ‘லெஸ் எலெமான்’, ஐம்பூதங்களில் நான்கைப் பற்றிய நடன இசை. உலகம் உண்டாவதற்கு முந்தைய குழப்பத்தில் தொடங்குகிறது. அதைக் காட்ட, டி மைனர் வரிசையின் ஏழு சுரங்களையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டிருக்கிறார். 1730களில் எழுதியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், முதல் அடி முகத்தில் அறையும். அப்புறம் பழக்கப்படி கீழே கேளுங்கள். புல்லாங்குழல் நீர், பிக்கலோ காற்று, வயலின் நெருப்பு என்று அவரே முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் களேபரத்துக்கு அடியில் நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு அவ்வப்போது அதிர்கிறதே பேஸ், அதுதான் பூமி.